கையின் மேல் உட்கார்ந்தவள்

மைனி சண்டைக்கு இறங்கினால் அவளுக்கு முன்னால் அவள் வலது கை இறங்கும். வாய் அதற்குப் பிறகுதான். எங்கள் தெருவில் மற்றப் பெண்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஏச்சு, பிறகு மண்ணை வாரித் தூற்றுவது, பிறகு கொண்டையை அவிழ்த்து முடிவது, கடைசியில்தான் பிடி. மைனிக்கு அந்த முறையெல்லாம் கிடையாது. அடித்து முடித்துவிட்டுத்தான் எதற்கு அடித்தேன் என்று சொல்லுவாள். சில நாள் அதுவும் மறந்துபோகும். என்னமோ செஞ்சாம்ளா, அதான் அடிச்சேன் என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுவாள்.

மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. ஆனால் அவள் எனக்கு உறவு இல்லை. அடுத்த வீடு. தூத்துக்குடியில் கடலை ஒட்டின எங்கள் தெருவில் சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் அவள் மைனிதான். பங்குச் சாமியார்கூட ஒருதரம் வாய் தவறி மைனி என்று கூப்பிட்டுவிட்டு வெட்கப்பட்டார். இங்கேயும் அந்தப் பெயரே போதும். அந்தக் கைக்கும் அவள் மகளுடைய காதுக்கும் நடுவில் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஆள் குட்டை. என் தோளுக்குத்தான் வருவாள். கை மட்டும் வேறு யாருடையதையோ எடுத்து ஒட்டினது மாதிரி நீளமாக, பட்டையாக இருக்கும். மீன் வாங்கி விற்கிறவள். அறுத்து அறுத்து விரல் எல்லாம் வெட்டுத் தழும்பு. உப்பு ஏறி உள்ளங்கை சுறாத்தோல் மாதிரி உரசும். ஒருநாள் ஏலக்கரையில் அவள் கேட்ட சீலா மீனை ஏலக்காரர் வேறு ஒரு ஆளுக்குத் தள்ளிவிட்டார். மைனி குனிந்து அந்த மீனையே வாலைப் பிடித்துத் தூக்கி, அவர் இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி அறைந்தாள். கன்னத்தில் செதில் ஒட்டினபடியே அந்த மனிதர் மிச்ச ஏலத்தையும் கூவி முடித்தார். துடைத்தால் மறுபடியும் விழுமோ என்று பயம்.

என் வீட்டுக்காரரும் அவளிடம் அடி வாங்கியிருக்கிறார். நான் புன்னைக்காயலில் இருந்து கல்யாணமாகி வந்த புதிது. ஒருநாள் குடித்துவிட்டு வந்து என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு எப்போதுமே சத்தம் வராது. சுவருக்கு அந்தப் பக்கம் மைனி வீடு. மோதின சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு திருக்கை மீன் வால் செருகியிருக்கும், காய்ந்து முள்முள்ளாக. அதை உருவிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரின் முழங்காலுக்குக் கீழே விளாசினாள். சதை பிய்ந்து வேட்டி எல்லாம் ரத்தம். பிறகு என்னைப் பார்த்து, "நீ எதுக்குளா ஊமை மாதிரி நிக்க?" என்று எனக்கும் ஒன்று வைத்தாள், கையால். அவருக்கு விழுந்ததைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. கன்னம் எரிந்தது. ஆனால் எனக்காக ஒரு ஆள் இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பிறகு மைனி இருமுகிற சத்தம் கேட்டாலே இவர் ஓங்கின கை தானாக இறங்கிவிடும். அவள் ஏலத்துக்குப் போயிருக்கிற காலைகளில் சேர்த்துவைத்து அடிப்பார். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

மைனியின் வீட்டுக்காரர் தோணியில் போகிறவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய் வருகிற தோணி. சாதுவான மனிதர், அவளிடம் அடி வாங்கிவிட்டு அவளுக்குக் கை வலிக்கிறதா என்று கேட்கிற ரகம். ஒருதரம் கொழும்பிலிருந்து வரும்போது போர்வையில் சுற்றி ஒரு டி.வி. கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல் டி.வி. பழைய தோணியில் உடைந்த பாய்மரத் துண்டை வீட்டுக் கூரைமேல் நட்டு, அதன் உச்சியில் ஆன்டனாவைக் கட்டினார்கள். நம் நாட்டுப் படம் அப்போது எங்கள் பக்கம் சரியாக விழாது. மழை பெய்வது மாதிரி தெரியும். ஆன்டனாவைக் கடல் பக்கமாகத் திருப்பினால் லங்காப் படம் கண்ணாடி மாதிரி விழும். வாடைக் காற்று அடித்தால் கம்பம் திரும்பிவிடும். மைனியின் மகள் கூரையில் ஏறித் திருப்புவாள். கீழே இருந்து நாங்கள் எல்லாரும் வரலை, வரலை, வந்துட்டு என்று கத்துவோம்.

கம்பம் சரியாக இருந்தாலும் படம் சில நேரம் உருண்டுகொண்டே போகும். அதற்கு மைனியின் கைதான் மருந்து. பெட்டியின் வலது பக்கத்தில், ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு அறை. படம் பயந்து நின்றுவிடும். வேறு யார் அடித்தாலும் நிற்காது. மகள் அடித்துப் பார்த்திருக்கிறாள், மைனியின் வீட்டுக்காரர் அடித்துப் பார்த்திருக்கிறார். அதுக்கும் என் கைதான் தெரியுது பாருங்களா என்று மைனிக்குப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லங்கா டி.வி.யில் ஒரு அமெரிக்கக் கதை போடுவார்கள். பேச்சு இங்கிலீஷ். அடியில் சிங்கள எழுத்து ஜிலேபி ஜிலேபியாக ஓடும். எங்களில் ஒருத்திக்கும் இரண்டும் தெரியாது. ஆனாலும் அந்த நேரம் மைனி வீடு நிறைந்துவிடும். நான் உள்ளே போகமாட்டேன். நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். எல்லாருடைய தலைக்கும் மேலே எனக்கு நன்றாகவே தெரியும்.

கதையில் ஒரு வீடு, முன்னால் புல். அந்தப் புல்லை ஆடு மாடு தின்பதில்லை. அந்த வீட்டுத் தகப்பனே ஒரு மிஷினைத் தள்ளி வெட்டிப் போடுவான். அதே மாதிரி வீடுகள்தான் தெரு பூராவும், நடுவில் வேலி கிடையாது. வேலி இல்லாமல் இவர்கள் எப்படிச் சண்டை போடாமல் இருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் முதல் சந்தேகம். ஒரு பையன், அவனுக்குப் பல்லில் கம்பி கட்டின அக்கா, குசினியைவிட்டு வெளியே வராத அம்மா, உயரமான தகப்பன். தகப்பன் வேலை முடிந்து காரில் வந்து இறங்குவான், ஒரு வார்த்தை பேசமாட்டான். முகம் கடுகடுவென்று இருக்கும். அந்த முகத்தைப் பார்த்தால் எங்கள் தெருவுக்கு ஒன்றுதான் தோன்றும். இவன் அடிக்கப் போகிறான்.

பையன் வாராவாரம் ஏதாவது செய்துவிட்டு நிற்பான். பள்ளிக்கூடத்தில் மாட்டுவான், பந்தடித்து ஜன்னலை உடைப்பான், பொய் சொல்லுவான். அப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். இன்னைக்குப் பெல்ட்டக் கழத்துவான் பாரு என்பாள் ஒருத்தி. இல்ல, செருப்புதான் என்பாள் இன்னொருத்தி. மைனி தன் கையைத் தேய்த்துக்கொண்டே, நானா இருந்தா முதல்ல அந்த முடியப் பிடிப்பேன் என்பாள். தகப்பன் அடிக்கமாட்டான். அடுத்த வாரம் அடிப்பான் என்று எல்லாரும் எழுந்து போவார்கள். அந்த அடியைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு வாரம் பையன் தகப்பனுக்குத் தெரியாமல் காரை எடுத்துப் பின்னால் விட்டு, கார் நிற்கிற கொட்டகைக் கதவை நொறுக்கிவிட்டான். தகப்பன் வந்து பார்க்கிறான். அவன் இரண்டு கையையும் கால்சட்டை ஜோப்புக்குள் விட்டுக்கொண்டு, உடைந்த கதவையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தான். திரும்பி வீட்டுக்குள் போனான். வரும்போது கையில் ஒரு சுத்தியல்.

மாதாவே, சுத்தியலாளா என்று ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். நானும் நிலையில் முகத்தைப் பதித்துக்கொண்டேன். மறுபடி பார்க்கும்போது தகப்பன் கதவுப் பலகையை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பையன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், கதை முடிந்துபோயிற்று. உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, இவனெல்லாம் ஒரு தகப்பனா, த்தூ என்று வெளியே போனார். கையாலாகாதவன் என்று மைனியும் சிரித்தாள்.

அவள் மகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அதற்குச் சில மாதம் முந்தி நடந்ததை மைனி அந்த நேரத்தில் நினைத்திருக்கமாட்டாள்.

கருவாடு காயப்போட்டிருந்தாள். மகளைக் காவல் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனாள். திடீரென்று மழை. பிள்ளை எங்கேயோ விளையாட்டு மும்முரத்தில் இருந்துவிட்டது. மைனி வந்து பார்த்தபோது கருவாடு எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த அறை கேட்டது. அறை கேட்டுப் பழகின வீடு என் வீடு. இது வேறு மாதிரி இருந்தது. மூடின பானையைக் கீழே போட்டது போல ஒரு மொட்டைச் சத்தம். பிள்ளை அழவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். இடது காதில் இருந்து கழுத்து வழியாக ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. மைனி வெள்ளைப்பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அதை ஊற்றினாள். காது சீழ் வைத்து, நாறி, பிறகு தானாகக் காய்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருந்தோம்.

சுத்தியல் வாரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்திருக்க, பிள்ளை மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. படத்தப் பாக்காம சொவத்தப் பாக்காளே, கிறுக்கியா என்று மைனி கையை ஓங்கினாள். பிள்ளை சொன்னது: "இந்தப் பக்கம் வச்சாத்தானம்மா கேக்குது." ஓங்கின கை அங்கேயே நின்றது. டி.வி.யில் அந்தப் பையனின் அக்கா என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா விளக்கை வைத்து இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தார்கள். இடது காது முழுக்கப் போய்விட்டது, இனி வராது என்றார்கள். வலது காதிலும் பழைய அடியின் தழும்பு இருக்கிறது, அங்கே இன்னும் ஒரு அடி விழுந்தால் இந்தப் பிள்ளைக்கு ஆயுசு பூராவும் ஒன்றும் கேட்காது என்றார்கள். யார் அடித்தது என்று கேட்டார்கள். மைனி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காட்டுவது மாதிரி.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். திருடனைப் பிடித்துக் கூட்டிப்போகிற போலீஸ்காரன் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் திருக்கை வாலை அடுப்பில் வைத்தாள். அந்த நாற்றம் தெருவை விட்டுப் போக ஒரு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. மற்றவர்கள் தகப்பனின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் கையைப் பார்ப்பாள். ஒருநாள் எல்லாரும் போன பிறகு வாசலுக்கு வந்து என்னிடம் ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"கோவம் வரும்போதெல்லாம் அவன் கைய எங்க வைக்காம்னு பாத்தியாளா? ஜோப்புக்குள்ள விடுதான். அவனுக்கும் கை துறுதுறுங்குது. எனக்குத் தெரியாதா? அதான் ஒளிச்சு வைக்கான். சேலைல எங்களா ஜோப்பு இருக்கு?"

முதலில் முந்தானைக்குள் சுற்றிப் பார்த்தாள். உருவிக்கொண்டு வந்துவிடுகிறது என்றாள். பிறகுதான் உட்காரும்போது இரண்டு உள்ளங்கையையும் தரையில் விரித்து, அதன்மேல் தொடையை வைத்து உட்காரப் பழகினாள். மகளைக் கண்டிக்கும்போது, மகள் எதிர்த்துப் பேசும்போது, பள்ளிக்கூடத்தில் இருந்து குறை சொல்லி ஆள் வந்தபோது, எப்போதும் அப்படியே. எழுந்திருக்கும்போது கை சிவந்து, தரையில் கிடந்த மணல் எல்லாம் பதிந்திருக்கும்.

அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. ஒரு பெரிய ஆளின் குரல் நடுநடுவே பேசும், ஆள் வரமாட்டான். செத்துப்போன தாத்தாவின் ஆவி என்று சிலர் சொன்னார்கள். பிரசங்கம் வைக்கிற சாமியாராக இருக்கும் என்றாள் ஒருத்தி. மைனிதான் கண்டுபிடித்தாள். அது அந்தப் பையனேதான், வளர்ந்து பெரிய ஆளான பிறகு, சின்ன வயதில் நடந்ததை எல்லாம் ஊருக்குச் சொல்லுகிறான் என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். தகப்பன் வருகிற இடத்தில் எல்லாம் அந்தக் குரல் இறங்கி வருகிறது, கேட்டுப்பார் என்றாள். கேட்டுப் பார்த்தேன், உண்மைதான். அந்தக் குரல் ஏசவில்லை. என்ன பாஷையாக இருந்தாலும் ஏசுவது தெரிந்துவிடும் அல்லவா?

"நாளைக்கு எம்மவளும் வளந்து இப்பிடிப் பேசுவாள்ளா" என்றாள் மைனி. "அவ வாயில நான் என்னவா வருவேன்?"

நான் நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் சத்தம் வராதே.

மகளை அடிக்கவில்லை என்பதற்காக மைனி சாந்தமாகிவிட்டாள் என்று நினைக்கக்கூடாது. அந்த வருஷங்களில்தான் அவள் மிக மோசமாக அடித்தாள். வீட்டில் அடக்கினது எல்லாம் வெளியே போய் வெடித்தது. சந்தையில் ஒரு குடிகாரனின் முன்பல்லைப் பெயர்த்தாள். தராசுக் கல்லால் ஒருவன் மண்டையைத் திறந்து, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தாள். டி.வி.யை அடிக்கிற அடியில் ஒரு பக்கம் பலகை விரிந்துபோயிற்று. பெட்டி உடஞ்சிரும் மைனி என்றால், இதையாவது அடிக்க விடுங்களா என்பாள். தோணி கரைக்கு வந்திருக்கிற நாட்களில் அவள் வீட்டுக்காரர் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் தட்டைப் போட்டு உட்காருவார். விழுகிற அடி தன்மேல் விழட்டும் என்று. பலநாள் விழுந்தது.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அம்மா அடிக்கமாட்டாள் என்று தெரிந்தபின் அவள் அம்மாவைச் சீண்ட ஆரம்பித்தாள். மைனி ஏசத் தொடங்கினால் செவிட்டுக் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். அதைவிடப் பெரிய அடி கிடையாது. மைனிக்கு முகம் கறுத்துவிடும். கையின் மேல் இன்னும் அழுத்தி உட்காருவாள்.

பெண் பெரியவளாகி, பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில், ஐஸ் கம்பெனி வைத்திருந்த வீட்டுப் பையனோடு பேச்சு வந்தது. இரண்டு பேரும் சிலுவை நட்ட குருசடிப் பக்கம் நடந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். அவன் எப்போதும் அவளுக்கு வலது பக்கமாகவே நடந்தான். தெரு குறுகின இடத்தில் அவள் மாறி நடந்தாலும், இவன் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் சேர்ந்துகொள்வான். நல்ல காதுப் பக்கம். அதைப் பார்த்த பிறகு எனக்கு அவன்மேல் கெட்ட எண்ணம் வரவில்லை. ஆனால் அவன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைனி வீட்டில் அமெரிக்கக் கதை ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் தன் தம்பிமார் இரண்டு பேரோடு வந்து தெருவில் நின்றாள். மீன்காரியின் மகள் தன் வீட்டுச் சோற்றுக்கு வலை வீசுகிறாள் என்று ஆரம்பித்தாள். மைனியின் வீட்டுக்காரர் அன்றைக்குக் கடலில். மைனி கையின் மேல் உட்கார்ந்திருந்தாள், எழவில்லை. எங்களுக்கு எல்லாம் ஆச்சரியம். அந்த அம்மாளுக்கு அது தைரியம் கொடுத்துவிட்டது.

"ஊருல உள்ள ஆம்பளைய எல்லாம் அடிச்ச கைதான? பெத்த மவள அடக்க வரலையோ? ஒத்தக் காதுச் செவிடிக்கு எம்மவன் கேக்குதோ?"

அந்தக் கடைசி வார்த்தை விழுந்ததும் மைனி எழுந்தாள். எழுந்ததை நான் பார்க்கவில்லை. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனதுதான் தெரியும். அந்த அம்மாளின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, தெருக் குழாயடிக் கல்லில் முகத்தை மோதினாள். மூக்கு உடைந்து ரத்தம் தண்ணீரோடு ஓடியது. மறுபடியும் மோதினாள். தம்பி ஒருவன் துடுப்பால் மைனியின் முதுகில் அடித்தான். மைனி திரும்பி அவன் முழங்கையைக் கடித்தாள், சதை வாயோடு வருகிற மாதிரி. இன்னொருவன் கல்லை எடுத்து எறிய ஆரம்பித்தான். டி.வி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கல் வாசல் வழியாக உள்ளே போயிற்று. வேட்டு வெடித்தது மாதிரி ஒரு சத்தம். வாணம் விட்டதுபோலப் புகை. அந்தப் புல், அந்த வீடு, அந்தத் தகப்பன் எல்லாம் போய், பெட்டியில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. தரை பூராவும் தடித் தடியான கண்ணாடி.

ஏலக்கரை ஆட்கள் வந்து பிரித்துவிட்டார்கள். அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைனி வாயில் ரத்தத்தோடு வீட்டுக்குள் வந்தாள். அடுத்தவள் ரத்தமா, அவள் ரத்தமா என்று தெரியவில்லை. நான் என் இடத்தில், நிலையைப் பிடித்தபடி நின்றேன். மகள் குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எதுக்கு அவள அடிச்ச?" என்று கேட்டாள் மகள். "அவ சொன்னதுல என்ன பொய்? என்னச் செவிடி ஆக்குனது அவளா?"

மைனி மூச்சு வாங்கினாள். வாயாடாத, உள்ள போ என்றாள். மகள் உள்ளே போகவில்லை. முன்னால் வந்தாள். முடியை ஒதுக்கி வலது காதைத் திருப்பிக் காட்டினாள்.

"இது ஒண்ணு மிச்சம் இருக்கு. இதையும் எடுத்துக்க. அடி."

மைனியின் கை எழுந்தது. சண்டையின் சூடு இன்னும் அந்தக் கையில் இருந்தது. தோளுக்கு மேல் போய்விட்டது. அந்த உயரத்துக்குப் போன கை அடிக்காமல் இறங்கி நான் அதுவரை கண்டதில்லை. நான் அன்றைக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைனி நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு கையையும் அடியில் செருகிக்கொண்டாள்.

உட்கார்ந்தபோது நொறுங்குகிற சத்தம் கேட்டது. மைனி முகம் மாறவில்லை. மகளைப் பார்த்தபடியே இருந்தாள். உடம்பு மட்டும் முன்னும் பின்னும் ஆடியது, கையை இன்னும் இன்னும் அழுத்துகிற மாதிரி. தொடைக்கு அடியில் இருந்து சேலை நனைந்து வந்தது. பிறகு தரையில் சிவப்பாக ஓடி மகளின் கால் விரலைத் தொட்டது. மகள் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள்.

"எம்மா, எந்திரி. கண்ணாடிம்மா. எந்திரி."

மைனி எழவில்லை. நானும் மகளும் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினோம். இடது கை தப்பித்துக்கொண்டது. வலது உள்ளங்கை மீனைக் கீறினது மாதிரி விரிந்திருந்தது. கண்ணாடித் துண்டு ஒன்று உள்ளேயே நின்றது. மகள்தான் அதைப் பிடுங்கினாள். தன் தாவணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டி, ஆஸ்பத்திரி வரை அந்தக் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். நரம்பு அறுந்துவிட்டது, இனி இந்த விரல்கள் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு மைனியின் அடி முடிந்தது. மீனை இடது கையால் அறுக்கப் பழகினாள். இடது கையால் ஒருநாள் தெருநாயை அடித்துப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது. வேறு டி.வி. வாங்கினார்கள், அது நல்ல டி.வி., அடி கேட்கவில்லை. ஐஸ் கம்பெனிப் பையனை அவன் வீட்டார் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாளின் மூக்கு கடைசிவரை கோணலாகவே இருந்தது. மகள் பிறகு வீரபாண்டியன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டாள். தன் பிள்ளைகளை அவள் அடிப்பாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

மைனியிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன். கீழே கண்ணாடி கிடந்தது தெரியாமலா உட்கார்ந்தீங்க என்று.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன" என்றாள். "அந்த நேரம் வேற எங்களா கொண்டு வைக்க?"

போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், மைனி இறந்துபோனாள். வீட்டுக்காரர் முன்னமே போய்விட்டார். மகள் வந்து குளிப்பாட்டி, சேலை கட்டி, சவப்பெட்டியில் கிடத்தினாள். எங்கள் பக்கம் வழக்கம், இரண்டு கையையும் நெஞ்சில் கோத்து ஜெபமாலையைச் சுற்றி வைப்போம். வலது கை கோக்க வரவில்லை. விரல்கள் விறைத்து, விரிந்தே நின்றன. நெஞ்சில் வைத்தால், எதிரே நிற்கிறவர்களை அறைய ஓங்கினது மாதிரி இருந்தது. பெண்கள் இரண்டு பேர் மடக்கிப் பார்த்தார்கள். நூலால் கட்டிவிடலாம் என்றாள் ஒருத்தி. மைனியிடம் ஒருகாலத்தில் அடி வாங்கினவள்தான் அவளும்.

மகளுக்கு அது கேட்டிருக்காது என்று நினைத்தேன். அந்தப் பெண் அவளுடைய இடது பக்கமாக நின்றுதான் சொன்னாள். ஆனால் நூலை எடுத்ததை மகள் பார்த்துவிட்டாள். நூலை வேண்டாம் என்றாள். இடது கையில் மட்டும் ஜெபமாலையைச் சுற்றினாள். பிறகு வலது கையை எடுத்து, விரித்தது விரித்தபடியே, சேலைக்குள் அம்மாவின் தொடைக்கு அடியில் மெல்லச் செருகி வைத்தாள்.

இது என்ன வழக்கம் என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மகள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "அவளுக்கு அப்பிடித்தான் பழக்கம்" என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.